வலது ஓரத்துக் கறுப்புக் கோடு

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள என் நெட் கடைக்குத்தான் செய்தி வந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து முனியம்மா அக்கா தொலைபேசியில் அழுதார். "தம்பி, நம்ம மாட்டு டொக்டர் மிஸ் போயிட்டாங்கப்பா. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்."

மறுநாள் நகரமெங்கும் இரங்கல் கூட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. டொக்டர் சிவமலருக்கு அஞ்சலி. தலைமை, பால் சங்கத் தலைவர் குணசேகரன். அதை வாசித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டொக்டரை அறிந்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறப் பெட்டியும் தெரியும். லண்டனில் கால்நடை ஸ்கேன் நிபுணராக இருந்த அவருடைய வகுப்புத் தோழி அனுப்பிய பழைய ஸ்கேன் கருவி அது. திரையில் தெரிவதை டொக்டர் சின்னக் கமராவில் படம் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வருவார். நான் மின்னஞ்சலில் தோழிக்கு அனுப்பிவிட்டு, பிரதியும் எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் பதில் வந்திருக்கும். "நீங்களே பெரிய டொக்டர், இன்னொருத்தர்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாததைக் கேக்கிறதிலை வெக்கமில்லைத் தம்பி. தெரிஞ்ச மாதிரி நடிச்சு மாட்டைக் கொல்லுறதுதான் வெக்கம்" என்றார்.

முனியம்மா அக்கா பால் சங்கக் கடனில் ஒரு பசு வாங்கியிருந்தார். ஆறு மாதச் சினை என்று சொல்லிக் கொடுத்தவர் தலைவர். மாதங்கள் போயும் கன்று வரவில்லை. டொக்டர் பெட்டியோடு அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனபோது நானும் போயிருந்தேன். தலைவரும் ஆட்களோடு வந்து நின்றார்.

"வயித்தப் பாத்தாலே தெரியுதே மிஸ், டீவி போட்டுத்தான் பாக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

டொக்டர் நீளக் கையுறையை மாட்டிக்கொண்டே, "டீவியிலை நாடகம் வரும், தலைவர். இதிலை வராது" என்றார்.

கன்று இல்லை. கருப்பையில் சீழ்தான் இருந்தது. அது நாள்பட்ட சீழ், அதனால்தான் பசு சினைமாடு போலப் பருவத்துக்கு வராமல் இருந்திருக்கிறது என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. ஊசி போட்டு, பத்து நாளில் மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருந்தார் தோழி. டொக்டர் ஊசி போட்டார். அதோடு விடவில்லை. தலைவர் கொடுத்த மற்றப் பசுக்களையும் பார்த்தார். ஏழில் நான்கு வெறும் வயிறு. படங்களை இணைத்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

பத்தாம் நாள் வருவதற்குள் அவரைப் பொலிஸ் கொண்டுபோனது. மொட்டைப் பெட்டிசம், கையெழுத்தில்லாத புகார்க் கடிதம். யாழ்ப்பாணத்து டொக்டர், வெளிநாட்டுக்கு இரகசியப் படங்கள் அனுப்புகிறார். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது போதும்.

என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில் ஸ்கேன் பிரதி ஒன்று கிடந்தது. "மே மொன சிதியமத?" இது எந்த இடத்து வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. மாட்டு வயிறு, சேர் என்றேன். அறையே சிரித்தது. அப்போதுதான் பக்கத்தில் கிடந்த பெட்டிசத்தைப் பார்த்தேன். இரண்டு தாள்களிலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே மெல்லிய கறுப்புக் கோடு. என் கடைப் பிரிண்டரில் கீறல் விழுந்த நாளிலிருந்து வரும் கோடு.

வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பையன், பொலிஸ் அறை. பயந்தேன். கடைக்கு ஓடிவந்து கொம்பியூட்டர்களில் தேடினேன். இரண்டாவதில் அந்தக் கடிதம் அழிக்கப்படாமல் கிடந்தது. ஒரு பிரதி எடுத்து ஒளித்துவைத்தேன். அது அடிக்கப்பட்ட நாளில், அந்த மணியில் அங்கே உட்கார்ந்தவரின் பெயர், கடைக்கு வருபவர்களைக் குறித்துவைக்கும் என் கொப்பியில் என் கையெழுத்திலேயே இருந்தது. குணசேகரன்.

பதினொரு நாள் கழித்து டொக்டரை விட்டார்கள். பெட்டியின் வயரை அறுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வைத்தியம் பாதியில் நின்ற முனியம்மா அக்காவின் பசு அதற்குள் இறைச்சிக்குப் போயிருந்தது. கடன் மட்டும் நின்றது. டொக்டருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது.

புறப்படும் நாளில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மௌனத்தையும் சொன்னேன். அறுந்த வயரைக் கையில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டன் எண்டு சொல்லமாட்டன். அவனையும்தான், உன்னையும்தான்" என்றார். பிறகு, "இப்ப வாய் திறக்காதை. அடுத்த பெட்டிசத்திலை உன்ரை பேர் வரும். நான் இல்லாத காலத்திலை சொல்லு. ஆனா முதுகுக்குப் பின்னாலை இல்லை, முகத்துக்கு நேரை சொல்லு."

தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் நீங்கள் மாலையோடு மேடையில் இருப்பீர்கள். முன்வரிசையில் முனியம்மா அக்காவும் நானும் இருப்போம். டொக்டரின் காலத்திலிருந்து என்னிடம் மிஞ்சியவை இரண்டு தாள்கள்: கன்றில்லாத ஒரு வயிற்றின் படம், கையெழுத்தில்லாத உங்கள் கடிதம். இரண்டையும் கொண்டுவருவேன். இரண்டிலும் உள்ள அந்தக் கறுப்புக் கோட்டைச் சபையோர் பார்க்கட்டும்.

கடிதத்தின் அடியில் நீங்கள் வெறுமையாக விட்ட இடத்தில் உங்கள் பெயரை நான் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே, தெரிந்தும் பேசாதிருந்தவன் என்று என் பெயரையும்.