பிரிட்ஜ்வாட்டரில் ஒரு தட்டு பாற்சோறு

சனிக்கிழமை விடிகாலை டாலஸ் விமான நிலையத்தில், பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோதுதான் நான் செய்யப்போகும் காரியம் என்னவென்று எனக்கு உறைத்தது. பெண் வீட்டார் சார்பாகச் சம்பந்தம் பேச நியூஜெர்சி போய்க்கொண்டிருந்தேன். பெண் என் பெண் அல்ல. உறவுக்காரப் பெண்ணும் அல்ல. என் நாட்டுப் பெண்கூட அல்ல.

டாலஸை ஒட்டிய காப்பெல் ஊரில் என் வீட்டிலிருந்து நாலாவது வீடு தில்லைநாதன் அண்ணாவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர், மனைவியை இழந்தவர். ஒரே மகள் ஆரணி இங்கேயே பிறந்தவள். நியூஜெர்சி எடிசனில் குடியிருந்துகொண்டு தினமும் ரயிலில் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கட்டிக்கொள்ள விரும்பும் கசுன் என்ற பையன் சிங்களவன். பையனைப் பற்றி அண்ணா ஒரு குறையும் சொல்லவில்லை. "தாய் தேப்பனைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். நீங்கள் வேண்டாம் என்றால் செய்துகொள்ள மாட்டேன் என்று மகளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த நாளிலிருந்து போனில் அவள் குரல் சரியில்லை என்று அண்ணா கவலைப்பட்டார்.

இப்படிப்பட்ட காரியத்துக்கு ஒற்றை ஆளாகப் போவது அழகில்லை. டொராண்டோவில் அவருக்கு நான்கு மைத்துனர்கள். சிங்கள வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டோம் என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான்கு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல்முறையாம்.

"ஐசே, உமக்குச் சனிக்கிழமை வேலை ஏதும் இருக்கோ?" என்றார் ஒரு மாலை. ஐசே என்பது அவர் வயதுக்காரர்கள் ஆண் நண்பர்களைக் கூப்பிடும் சொல். இருபது வருடப் பழக்கத்தில் எனக்கும் அது பெயராகிவிட்டது.

"புல்லு வெட்டணும். வேறொண்ணும் இல்லைங்கண்ணா."

"அப்ப என்னோட வாரும். பக்கத்தில இருந்தாக் காணும். கதைக்கத் தேவையில்லை."

ஈரோட்டில் பிறந்த ஒருவனுக்கு பேசாமல் உட்கார்ந்திரு என்பதைவிடக் கடுமையான நிபந்தனையை யாரும் விதிக்க முடியாது.

டாலஸிலிருந்து நியூவர்க் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு மைல். டிக்கெட் இருநூற்றுப் பதினான்கு டாலர். ஜன்னல் இருக்கைக்குத் தனியாக முப்பத்திரண்டு கேட்டார்கள், நடு இருக்கையில் உட்கார்ந்தேன். மூன்றரை மணி நேரமும் அண்ணாவுக்கு இலங்கைப் பிரச்சினையை விளக்கிக்கொண்டு வந்தேன். நான் அந்தத் தீவில் கால் வைத்ததில்லை. ஆனால் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது ஈழத்துக்காக நான்கு நாள் வகுப்பைப் புறக்கணித்தவன். அதில் ஒரு நாள் கணக்குப் பரீட்சை இருந்தது தற்செயல்.

"மொதல்ல அவங்க மன்னிப்புக் கேக்கணுங்கண்ணா. அப்புறந்தான் கல்யாணப் பேச்சு."

"ஆரிட்ட கேக்கச் சொல்லுறீர்? அந்த மனுசன் அக்கவுண்டன்ட்." கண்ணை மூடிக்கொண்டார்.

பகல் பன்னிரண்டுக்கு ஆரணி காரோடு வந்தாள். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் இருபது மைல், எடிசன். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் வண்டியை நிறுத்த இடம் தேடியதில் விமானப் பயணத்தின் களைப்பெல்லாம் சிறிதாகிப்போனது. இரண்டு பவுண்டு மைசூர்பாகும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினோம். மறுபடி காரில் ஏறியதும் ஆரணி பின்னால் திரும்பினாள்.

"அப்பா, ப்ளீஸ். நோ பாலிடிக்ஸ். அங்கிள், யூ டூ."

"நான் வாயே தெறக்க மாட்டேன்மா."

"தட்'ஸ் வாட் ஐ'ம் அஃப்ரெய்ட் ஆஃப். சாப்பிடும்போதாவது திறங்க."

அவள் சிரித்தாள். ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

பிரிட்ஜ்வாட்டரில் பெருமாள் கோயிலுக்கு ஐந்து நிமிட தூரத்தில் வீடு. வாசலில் கூடைப்பந்து வளையம், உள்ளே நுழைந்ததும் செருப்பு வரிசை. கசுனின் அப்பா நிமல் கதவைத் திறந்தார். ஒடிசலான, கண்ணாடி போட்ட மனிதர். "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்று தமிழில் வரவேற்றார். சின்ன வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தவராம், பக்கத்து வீடெல்லாம் தமிழர்களாம். அண்ணா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். கொழும்பில் ஐந்து வருடம் அரசாங்க வேலை பார்த்த அண்ணாவுக்குச் சிங்களம் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல் விழுந்து நான் கேட்டதில்லை.

ஹாலில் புத்தர் சிலை இருந்தது. எதிரியின் வீடு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். புத்தருக்கு அருகிலேயே ஒரு படம்: மயில், வேல், ஆறு முகம்.

"முருகன்!" என்று கத்திவிட்டேன்.

"கதரகம தெய்யோ," என்றார் கசுனின் அம்மா சந்திரா.

"கதிர்காமக் கந்தன்," என்றார் அண்ணா.

மூவரும் ஒரே படத்துக்குக் கைகூப்பினோம். யாருடைய சாமியை யார் கும்பிடுகிறார்கள் என்ற குழப்பம் எனக்கு அங்கே ஆரம்பித்தது.

பிறகு கிரிக்கெட் வந்தது. அந்தத் தீவு உலகக் கோப்பையை வென்ற கதையை அண்ணாவும் நிமலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அரையிறுதியில் இந்தியா தோற்ற இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பேச்சு இந்திய ராணுவம் அங்கே வந்திருந்த காலத்துக்குத் திரும்பியது. நாம் இந்தப் பேச்சில் ஓர் ஆதரவுக்குரல் கொடுக்கலாம் என்று நான் நிமிர்ந்தேன்.

"உங்கட ஆமி வரேக்க மாலை போட்டனாங்கள். போகேக்க ஒருத்தரும் போடேல்ல," என்றார் அண்ணா என்னிடம்.

"போகச் சொல்லி நாங்களும்தான் கத்தினோம்," என்றார் நிமல் ஆங்கிலத்தில்.

இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். தோழமைக்காக ஆயிரத்து நானூறு மைல் பறந்து வந்த நான், அந்த அறையிலிருந்த ஒரே அந்நியன் ஆனேன். ஆரணியும் கசுனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரியம் முடிந்தது, மைசூர்பாகைப் பிரிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சந்திரா தட்டோடு வந்தார். தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்த அரிசியைத் தட்டில் தட்டையாகப் பரப்பி, பர்பி மாதிரி சாய்சதுரமாக வெட்டியிருந்தார்கள். கிரிபத் என்றான் கசுன். பாற்சோறு. சிங்கள வீடுகளில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் வைப்பது இதுதானாம். கூடவே வெங்காயமும் மிளகாயும் இடித்த சம்பல். நான் ஒரு துண்டை விழுங்கிவிட்டு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டேன்.

"நம்ம வெண்பொங்கலுக்குத் தம்பி மாதிரி இருக்குங்கண்ணா. எடுத்துக்கங்க!"

அண்ணா எடுக்கவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தார். தட்டு அவர் முன்னால் நீட்டியபடியே நின்றது. நிமலின் முகம் மாறியது.

"அப்பா?" என்றாள் ஆரணி.

"பிள்ளை, சண்டை முடிஞ்ச அண்டைக்குக் கொழும்பில றோட்டு றோட்டா இதைத்தான் வெட்டிக் குடுத்தவை. டீவியில பாத்தனான்."

சந்திராவுக்குத் தமிழ் புரியாது. நிமல் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சந்திரா அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"அன்றைக்கு நாங்களும் செய்தோம். இதே வீட்டில்," என்றார் நிமல் ஆங்கிலத்தில். அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "என் தம்பி ராணுவத்தில் இருந்தான். வன்னியில். மாதக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. அன்றைக்குப் போன் பண்ணினான். உயிரோடு இருந்தான். அதனால் சமைத்தோம்."

"என்ர அக்காவும் அங்கதான் நிண்டவ," என்றார் அண்ணா தமிழிலேயே. "அவவின்ர போனுக்கு நானும் பாத்துக்கொண்டிருந்தனான்."

"எப்ப வந்தது?" நிமலும் தமிழுக்கு வந்துவிட்டார்.

"இன்னும் வரேல்ல."

என் வாயில் இரண்டாவது துண்டு பாதி இருந்தது. விழுங்குவதா, எப்படி விழுங்குவது என்று தெரியவில்லை. விமானத்தில் நான் தயாரித்து வைத்திருந்த கருத்துகளில் ஒன்றுகூட அந்த அறைக்குப் பொருந்தவில்லை. தம்பி பிழைத்ததற்காகச் சோறு பொங்கியவரை எந்தச் சொல்லால் திட்டுவது? அக்காவைத் தேடுகிறவரை எந்தச் சொல்லால் தேற்றுவது?

அண்ணா முன்னால் குனிந்தார். சந்திராவிடம் ஏதோ பேசினார், சிங்களத்தில். முதலில் தடுமாறி, பிறகு சரளமாக. ஆரணி எழுந்தே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத குரல் அது.

"என்ன சொல்றார்?" என்று கசுனின் காதில் கேட்டேன்.

"தட்டைக் கீழே வைங்க, கை வலிக்கும்னு சொல்றார். பிளேன்டீ இருக்கான்னு கேக்கறார்," என்றான் அவன் ஆங்கிலத்தில்.

பால் ஊற்றாத தேநீர் வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு, பனங்கட்டியோடு. அண்ணா குடித்தார். பாற்சோற்றைத் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவில்லை. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழவில்லை. கிளம்பும்போது வாசலில் நிமல் தயங்கி நின்றார்.

"கல்யாணம் நடந்தால் என் தம்பி ஊரிலிருந்து வருவான். உங்களுக்குக் கஷ்டம் என்றால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்."

அண்ணா செருப்பைப் போட்டுக்கொண்டார். 

நியூவர்க் திரும்பும் வழியில் ஆரணி இரண்டு எக்ஸிட்டுகளைத் தவறவிட்டாள். யாரும் சுட்டிக்காட்டவில்லை. ஆறு மணிக்கு விமான நிலைய வாசலில் இறங்கியதும் அவள் காரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அந்தத் தம்பியார் கட்டாயம் வரோணும் எண்டு சொல்லு," என்றார் அண்ணா.

"அப்படின்னா... ஓகேயா அப்பா?"

"அவர் வராட்டி நான் வரமாட்டன் எண்டும் சொல்லு."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். அந்தக் குடும்பத்தின் சார்பாக அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அவரைப் பார்த்து முறைத்தது.

உள்ளே போன பிறகும் எனக்குப் பிடிபடவில்லை. காப்பெலில் ஒரு மர வேலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவன் நான். மனிதர்கள் எப்படி இதையெல்லாம் தாண்டுகிறார்கள்? தாண்டுகிறார்களா?

"அப்ப மன்னிச்சுட்டீங்களாண்ணா?"

"இல்லை ஐசே," என்றார் உடனே. பர்ஸைத் திறந்து ஒரு சிறு புகைப்படத்தை எடுத்தார். புடவை கட்டிய பெண், கொஞ்சம் அண்ணாவின் ஜாடை. "அந்தத் தம்பி அங்க நிண்டவன். இதைக் காட்டிக் கேக்கோணும். கண்டிருப்பான், காணாமலும் விட்டிருப்பான்."

"கல்யாணத்துலயா கேப்பீங்க?"

"வேற எங்க ஐசே," என்றார் அவர், படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டே, "நானும் அவனும் ஒரு மேசையில இருப்பம்?"