குளிர்ந்து கிடந்த விண்கல்

விண்கல் தேடும் உத்தியோகத்தில் வானத்தைப் பார்க்க நேரமே கிடைக்காது. பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் வீட்டுக் கொல்லைக் கோடிக்குள் கிடக்கும் கல்தான். ஐம்பதுகளின் கடைசியில், "வானத்தால் கல் விழுந்தது" என்று கடிதம் வந்த வன்னி ஊர்களுக்கெல்லாம் வவுனியாவிலிருந்து பஸ்ஸிலும் சைக்கிளிலும் அலைந்தேன். வருட முடிவுக்குள் உண்மையான விண்கல் ஒன்றாவது மேலதிகாரிக்கு அனுப்பாவிட்டால் வேலை போய்விடும். முறைப்பாடு விசாரித்துத் திரிந்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

சூடு கேட்ட கதை

என்னிடம் ஒரு காந்தம், ஓர் அரம், ஒரு கேள்வி இருந்தன. "விழுந்தபோது சுட்டதா?" எரிந்துகொண்டு வரும் கல் சுடாமல் இருக்குமா என்பது என் நினைப்பு. முல்லைத்தீவில் கருவாட்டு வியாபாரி மீரான் நானா ஒரு கறுத்தக் கட்டியைக் காட்டி, தொட்டபோது கை வெந்துபோனது என்றார். காந்தம் பாய்ந்து ஒட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அரத்தால் ராவினேன், துருவுக்குள்ளிருந்து நங்கூர வளையம் ஒன்றின் பாதி தெரிந்தது.

நானா கொஞ்சமும் அசையவில்லை. "சுட்டதோ எண்டு நீங்கள் ஆசையாக் கேட்டியள், நான் ஓமெண்டன்."

பூவரசங்குளத்துப் 'பொய்'

செல்லம்மா அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் வயல் செய்பவர். பட்டப்பகலில் இடிபோலச் சத்தம் கேட்டு வரம்புக்கு ஓடினாராம். சேற்றில் தேங்காயளவு கல். தோல் மட்டும் அடிப்பிடித்த சோறுபோலக் கருகி, உடைந்த இடத்தில் சாம்பல் நிறம். சுட்டதா என்றேன். இல்லை, குளிர்ந்து கிடந்தது என்றார். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபமே வந்தது. காந்தத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வெறுங்கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

"சுட்டதெண்டு சொன்னா எடுத்துக்கொண்டு போவியளோ தம்பி? ஆனா அது சுடேல்லையே."

குளக்கட்டு

மேலதிகாரிக்கு இதைச் சிரிப்பாக எழுதினேன். அவருடைய பதிலில் சிரிப்பே இல்லை. விண்கல்லுக்குத் தோல்தான் கருகும், சில நொடிக்குள் உள்ளே சூடு ஏறாது, குளிர்ந்தும் கிடக்கலாம், உடனே கொண்டுவாரும் என்றிருந்தார்.

வெட்கத்தோடு பூவரசங்குளத்துக்கு ஓடினேன். மாரி தொடங்கியிருந்தது. கல்லிலிருந்து உதிர்ந்த மிளகளவு துண்டொன்றை அக்கா குசினி அடுப்படியிலிருந்து கொண்டுவந்தார். காந்தம் கவ்விக்கொண்டது. பெரிய கல் எங்கே என்று கேட்டேன். அவர் குளக்கட்டைக் காட்டினார். கட்டு அரித்தால் வீட்டுக்கு வீடு கல் கொடுப்பது ஊர்முறை. நான் வெறுங்கல் என்றதைத் தன் பங்குக்குப் போட்டுவிட்டார். அதன்மேல் மண். கட்டுக்கு அந்தப் பக்கம் குளம் நிறையத் தண்ணீர். தோண்டலாமா என்றேன்.

"தோண்டலாம் தம்பி. கட்டு உடைஞ்சா, போகத்துக்குத் தண்ணியை நீங்கள் வானத்தால இறக்கித் தருவியளோ?"

மிளகளவு துண்டு என் உத்தியோகத்தைக் காப்பாற்றியது. நான் வெறுங்கல் என்று தள்ளிய மிச்சம் இன்றைக்கும் பூவரசங்குளத்தின் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது.