இடது கையால் ஓர் அறுப்பின் பண்டிகை

என்னிடம் இன்னும் பத்திரமாக இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர் பிளாப்பியின் மேல், ‘அக்டோபர் 2001, அறுப்பின் பண்டிகை, இடது கை மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். அதனால்தான் இது எந்த ஆண்டு என்று தவறில்லாமல் சொல்ல முடிகிறது.

திருவனந்தபுரத்தில், பழவங்காடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் ஆலயம். அங்கே ஆர்கன் வாசித்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. என்னைவிடச் சற்று மூத்தவர். சபையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அந்த வருடம் ஓண விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், மழையில் நனைந்த படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் பழையபடி ஓடுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. சபைச் செயலாளர் சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவர். பெரிய குரல், நல்ல மனசு, கொஞ்சம் அவசரம். வெளியிலிருந்து ஒரு கீபோர்டுக்காரரை ஏற்பாடு செய்யலாம், பிடித்துப்போனால் அவரே தொடரட்டும் என்று கூட்டத்தில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. டீச்சரும் அங்கேதான் இருந்தார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார்.

“பண்டிகைக்கு வேற ஆளு உக்காந்துட்டா, பிறவு அந்த ஸ்டூலு எனக்கில்ல தம்பி. யாரும் போன்னு சொல்ல மாட்டாங்க. நானே பின்பெஞ்சுல போய் இருந்துருவேன்.”

அப்போது எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அதோடு கேபிளில் இணைத்த ஒரு சிந்தசைசர் கீபோர்டு, ஒரு சாம்ப்ளர். எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசித்தோம் என்பதைக் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதே மாதிரி சிந்தசைசரை வாசிக்க வைக்கும். சாம்ப்ளரோ நாம் கொடுக்கும் ஒலியை அப்படியே பிடித்து வைத்து, கேட்கும்போது திருப்பித் தரும்.

இடது கை போதும் என்று தோன்றியது. டீச்சர் முதலில் இடது கைப் பகுதியை வாசிக்கட்டும். பிறகு வலது கைப் பகுதியையும் இடது கையாலேயே மெதுவாக வாசிக்கட்டும். இரண்டையும் சேர்த்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

“ரெண்டு இடது கை உள்ள பொம்பளன்னு சபையில சொல்லிராத” என்று சிரித்தார்.

சில மாலைகள் எங்கள் வீட்டுக்கு வந்து வாசித்தார். சிந்தசைசரின் ஆர்கன் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. இதைக் கேட்டால் ஐஸ்கிரீம் வண்டி என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்றார். அந்த மினுக்கைக் குறைத்து, காற்றின் இரைச்சலைக் கொஞ்சம் சேர்த்த பிறகுதான் சம்மதித்தார்.

பாடகர் குழுவோடு ஒத்திகை பார்த்தபோது முதல் வரி கச்சிதமாக வந்தது. ஆனால் எங்கள் சபையில் ஒவ்வொரு வரியின் முடிவையும் இழுத்துப் பாடுவது வழக்கம். எந்த இசைப் புத்தகத்திலும் அது எழுதியிருக்காது. செயலாளரின் கடைசிச் சொல் அவருக்கு மூச்சு தீரும்போதுதான் தீரும். கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும்? இரண்டாம் சரணத்தில் அது எங்களை முந்தியது. மூன்றாம் சரணத்தில் நாங்கள் பாதியில் இருக்கும்போதே முடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

“உம்ம மெஷினுக்கு எங்கயோ பஸ்ஸு பிடிக்கணும் போல இருக்கே, ஓய்” என்றார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து மாவுக்கட்டை மூடிக்கொண்டார். கீபோர்டுக்காரரின் நம்பர் தன்னிடம் இருப்பதாகச் செயலாளர் மெல்லச் சொன்னார்.

நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். வரியின் நடுவில் பாட்டு நொண்டியது.

“வேகத்துல குத்தமில்ல” என்றார் டீச்சர். “வரி முடியுற எடத்துல ஆளுங்க மூச்சு விடுகாங்க. அதக் கேட்டுட்டுத்தான் நான் அடுத்த வரிய எடுப்பேன். இது கேக்க மாட்டேங்குது, பாத்தியா?”

மறுநாள் பாட்டை வரி வரியாக வெட்டினேன். சரணத்தின் நான்கு வரிகளையும் தனித்தனியாகச் சாம்ப்ளரில் ஏற்றினேன். டிரம்ஸ் ஒலிகளுக்காக வாங்கி வைத்திருந்த, ரப்பர் பேட்கள் உள்ள ஒரு சின்னப் பெட்டி என்னிடம் இருந்தது. ஒரு பேடுக்கு ஒரு வரி. விரலை எடுக்காமல் வைத்திருக்கும்வரை வரியின் கடைசிச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும், எடுத்தால் நிற்கும். கம்ப்யூட்டருக்கு இனி பாட்டை ஓட்டும் வேலை இல்லை. டீச்சர் எந்தப் பேடை எப்போது தொட்டார் என்று பதிந்துகொள்வது மட்டும்தான்.

டீச்சர் ஒரு பேடை அழுத்தி, வரி முடிந்த பிறகும் விரலை எடுக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இது மதி, போதும்” என்றார்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை காலையில். பாட்டு நடக்கும்போதே சபையார் வரிசையாக வந்து விளைச்சலைப் பீடத்தின் முன் வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, பூசணி, எல்லாம் பிறகு ஏலத்துக்குப் போகும். டீச்சர் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூடிய ஆர்கன் மேல் பேட் பெட்டி. பக்கத்து மேசையில் மற்றச் சாமான்களோடு நான்.

செயலாளர் இழுத்தார், ஆர்கன் காத்திருந்தது. ஒரு வயதான அம்மா பூசணியோடு பாதி வழியில் நின்றுவிட்டார், அப்போதும் காத்திருந்தது. அவர் நகர்ந்ததும் அடுத்த வரி வந்தது.

கடைசிச் சரணம். கடைசி ஆளாகச் செயலாளரே ஒரு பெரிய குலையைத் தோளில் வைத்து வந்தார். முதல் வரிக்கே ஒலி வரவில்லை. கேபிள் கழன்றுவிட்டது என்று நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து துழாவினேன். என் தலைக்கு மேலே பாட்டு நிற்கவில்லை. எந்த வாத்தியமும் இல்லாமல் சபை முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுப்பது கேட்டது. இத்தனை வருடம் அங்கேயே இருந்தும் அதை நான் தனியாகக் கேட்டதில்லை.

பேட் பெட்டியிலிருந்து வரும் கேபிளின் முனை கொஞ்சம் தளர்ந்திருந்தது, அழுத்திவிட்டு எழுந்தேன். சரியாக அந்த நேரம் டீச்சர் பேடைத் தொட, கடைசி வரி ஒலித்தது.

ஏலத்தில் செயலாளர் தான் கொண்டுவந்த குலையைத் தானே எடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“கீபோர்டுக்காரன வேண்டாம்னு சொல்லியாச்சு. கை சரியாவுற வரைக்கும் டீச்சர் இப்படியே வாசிக்கட்டும். கடைசியில ஆர்கன நிறுத்துனீங்கல்லா, அது நல்ல யோசனை, கேட்டீரா?”

அது என் யோசனை இல்லை. வேண்டுமென்றே நிறுத்தினீர்களா என்று டீச்சரிடமே கேட்டேன்.

“நீதான் அடியில கெடந்து கம்பியப் பிடிச்சு இழுத்திருப்ப” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஈஸ்டருக்கு இரண்டு கைகளாலும் வாசித்தார். ஒரு விரல் மட்டும் கொஞ்சம் பிந்தியே வரும். அந்த ஸ்டூலில் பிறகு வேறு யாரும் உட்கார வேண்டி வரவில்லை.

அன்றைய பதிவு பிளாப்பியில் இருக்கிறது. கடைசிச் சரணத்தில் கடைசி வரியைத் தவிர ஒன்றுமே பதியவில்லை. டீச்சர் தொடாமல் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். தொட்டும் கேபிள் வழியாக வந்து சேராமல் போனாலும் அப்படித்தான் இருக்கும். நான் மேசைக்கு அடியில் இருந்ததால் அவர் கையைப் பார்க்கவில்லை. ஆகவே இது உறுதிப்படாத தகவல் என்றே என் குறிப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் அதன்பின் என் கருவிகளை வைத்து யார் பாடுவதற்கு வாசித்தாலும், ஒரு சரணமாவது கையை எடுத்துவிட்டு அவர்கள் மூச்சைக் கேட்காமல் நான் பாட்டை முடிப்பதில்லை.