சர்பத் வகுப்பு

ஊர் ஊராகத் திரிந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பிய என்னிடம் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "டாக்காவையும் பாத்தனியோ?" என்பதுதான். இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. தனக்குக் கிடைக்காத ஊருக்கு வீட்டில் வேறு யாரும் போய்விடவில்லை என்ற நிம்மதி.

பெரியப்பாவை, டொக்டர் சிறில் என்றால் கொட்டியாரக் குடாவின் இரண்டு கரையிலும் தெரியும். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவரின் மகன். கொழும்பில் படித்து, மூதூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டார். வாந்திபேதியில் நரம்பு வற்றிக் கிடப்பவரின் கையிலும் ஒரே குத்தில் சேலைன் ஊசியை ஏற்றிவிடுவார். அந்தக் கைக்காக ஈச்சிலம்பற்றிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொலரா வைத்தியம் பயில டாக்காவுக்கு ஒருவரை அனுப்பப் போகிறார்கள் என்றதும், அது தனக்குத்தான் என்று விண்ணப்பித்த கையோடு புதுச் சூட்கேசும் வாங்கினார். போனது புஷ்பவதி. அவருக்குக் கீழே வேலை பழகிய பெண் டொக்டர்.

எழுபதுகளின் நடுவில் கொலரா எங்கள் கரைக்கும் வந்தது. மாவட்டத்து டொக்டர்மார் சனிக்கிழமைதோறும் திருகோணமலை நகரத்துக்கு வந்து புதிய வைத்தியத்தைப் படிக்க வேண்டும் என்று உத்தரவு. படிப்பிப்பவர் புஷ்பவதி. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை வாயால் கொடுத்தே பெரும்பாலானவர்களைக் காப்பாற்றலாம், எல்லாருக்கும் ஊசி வேண்டியதில்லை என்பது பாடம். பெரியப்பா கடைசி வாங்கில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சர்பத் வகுப்பு என்று பெயரும் வைத்தார்.

வகுப்பு முடியுமுன்னே, குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்ச் புறப்பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கடைசிப் பகுதியைக் கேட்காமல் எழுந்து போவார். முக்கியமானதை வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறாள் என்று நம்பினார். புஷ்பவதியிடம் ஒரு சொல் சொன்னால் நேரத்தை மாற்றி வைப்பாரே என்று, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஸெய்னுதீன் சொல்லிப் பார்த்தார்.

"என்னட்டைக் கட்டுப்போடப் பழகினவவிட்ட நான் நேரம் கேட்டு நிக்கிறதோ?" என்றார் பெரியப்பா.

மார்கழியில் வாடைக்காற்று பெருத்தது. லோஞ்ச் ஓடவில்லை. தரைவழியில் வெள்ளம். சேலைன் முடிந்துபோன நாளில் ஸல்ஹாவைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கைக்குழந்தைக்காரி. கண்கள் உள்ளே போயிருந்தன, ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னாள். பெரியப்பாவின் கைக்கு அங்கே வேலையில்லை. வேறு வழியின்றி உப்பும் சீனியும் கரைத்து ஒரு கோப்பை கொடுத்தார். மடமடவென்று குடித்தவள் அத்தனையையும் வாந்தியெடுத்தாள்.

"நிப்பாட்டுங்கோ," என்றார் பெரியப்பா. "இதுதான் அவவின்ட டாக்கா வைத்தியம்."

அந்தச் சொல்லில் இருந்த சந்தோஷத்தை ஸெய்னுதீன் கண்டுவிட்டார். டொக்டரை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவர். "சேர், நீங்க வெண்டுட்டீங்க," என்றார் மெதுவாக. "இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யிற?"

பெரியப்பா டெலிபோன் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வாந்தியெடுத்தால் என்ன செய்வது என்று புஷ்பவதியிடம் கேட்டார்.

"நிப்பாட்டிப்போட்டியளோ சேர்? கொஞ்சம் பொறுத்து, கரண்டி கரண்டியாக் குடுங்கோ. திரும்ப எடுத்தாலும் விடாதேங்கோ. ஒவ்வொரு சனியும் கடைசியில அதைத்தானே சொல்லுறனான்."

"அந்த நேரம் நான் லோஞ்சில."

"ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே சேர்."

குரலில் துளி கேலியும் இல்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததும் பெரியப்பாவுக்கு இன்னும் எரிந்தது. குறை சொல்ல இருந்த ஒன்றும் போய்விட்டது.

கட்டிலருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவரே ஊட்டினார். கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. பின்னேரம் ஸல்ஹாவுக்குச் சிறுநீர் போனது என்று நேர்ஸ் சொன்னபோதுதான் கதிரையை விட்டு எழுந்தார். இனிப் பயமில்லை. அவள் குழந்தையைக் கேட்டாள்.

கடல் அடங்கியபின் நடந்த வகுப்பில் புஷ்பவதி வாந்திப் பாடத்தை முதலில் எடுத்தார். சேலைன் இல்லாமல் ஓர் உயிரைக் காப்பாற்றியதைச் சிறில் சேரே சொல்லட்டும் என்று முன்னால் அழைத்தார். பெரியப்பா சொன்னார். லோஞ்சை மறித்த காற்று, கரண்டி, விடாமல் ஊட்டியது, எல்லாம் சொன்னார். நிறுத்தச் சொன்னதையும் டெலிபோன் எடுத்ததையும் மட்டும் சொல்லவில்லை. டொக்டர்மார் கைதட்டினார்கள். புஷ்பவதியும் தட்டினார்.

"நீங்க டெலிபோன் எடுத்ததை அவ ஏன் பெரியப்பா சொல்லேல்லை?" என்று, கதையைக் கேட்டு முடித்த நான் கேட்டேன்.

"சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால சொல்லியிருந்தா, நான் அவவோட கோவிச்சுக்கொண்டு நிம்மதியா இருந்திருப்பன்." தேத்தண்ணீரைக் குடிக்காமல் தள்ளி வைத்தார். "டாக்காவைப் போல அந்த மனசையும் அவவுக்கே குடுத்து வைச்சிருக்கு, பார்."