தங்கையின் மூன்று சக்கர வண்டி

கடையொன்றில் புது ரப்பர் சக்கரத்தின் வாசனை மூக்கில் பட்டதும், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸ் தெரு கண்முன் வந்தது. இடதுகால் பலமில்லாத என் தங்கை, மற்ற பிள்ளைகள் விளையாடுவதை வாசற்படியில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். மைன்ஸில் வேலைபார்த்த அப்பா, ஷிப்ட் முடிந்து வந்த மாலைகளில் அவளுக்கென்றே ஒரு வண்டி செய்தார்: முன்னால் ஒரு புது ரப்பர் சக்கரம், சாயாமலிருக்கப் பின்னால் இரண்டு, உந்துகிற வலதுகால் தரையைத் தொடுமளவு தாழ்ந்த சீட், இடதுகாலை வைத்துக்கொள்ள ஒரு பலகை. முதல்நாளே அவள் உந்தி உந்தித் தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டாள்.

"புள்ள உழுந்துடப் போவுது, பின்னாடியே போங்க!" என்று பதறினாள் அம்மா.

"உடு, போவட்டும்" என்ற அப்பாவும் தெருவில் இறங்கி முனையையே பார்த்தார்.

சற்று நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து தங்கையின் அதட்டல் கேட்டது: "எல்லாருக்கும் வண்டி தரேன், வரிசையா நில்லுங்கடா!"