செல்வத்தின் அட்டைப்பெட்டி

ஆர்க்டிக் பனிக்கடியில் எண்ணெய் தேடும் புதுக் கம்பெனி ஒன்றில் நான் போனிலேயே பங்கு வாங்கினேன். வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் என்னுடன் ரூமில் இருந்த செல்வம், “நீங்க போட்டா நானும் போடுறேண்ணே” என்றான். நான் கொஞ்சம் போட்டேன். அவன் இருந்ததையெல்லாம் போட்டான்.

தோண்டிய இடத்தில் எண்ணெய் இல்லை.

வெறுங்கையோடு ஊருக்குப் போக மனமில்லாமல் செல்வம் லீவை கேன்சல் செய்தான். சைட்டில் லீவுக்கு அடுத்த முறை என்னுடையது என்பதால் அந்த லீவு எனக்கே வந்தது.

ஊருக்கென்று அவன் முன்பே கட்டிவைத்த பெட்டியில் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினான். “வீட்ல குடுத்துருங்கண்ணே. டூட்டி ஜாஸ்தின்னு மட்டும் சொல்லுங்க.” ஒரு வார்த்தை திட்டவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் பெல்ட்டில் பெட்டி சுற்றி வந்தது. அடித்த கோட்டுக்கடியில் அவன் பெயர் நன்றாகவே தெரிந்தது. தூக்கக் கை வரவில்லை. இன்னொரு சுற்று போகட்டும் என்று விட்டுவிட்டேன்.