மூன்று இன்ஜினை நம்பிக் கட்டிய பந்தயம்

வெள்ளைக்காரன் புறப்படப்போகும் சமயம். ஐயப்பன்தாங்கலில் நானும் என் அக்காள் வீட்டுக்காரரும் வயலுக்கு ஏற்றம் இறைத்தோம். நான் மேலே ஏற்ற மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பேன். அவர் கீழே கிணற்றடியில் நின்று, தண்ணீரோடு மேலே வரும் வாளியான சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். ஒவ்வொரு சாலுக்கும் ஓர் அடி பாடுவார். பாட்டில்தான் சால் கணக்கே இருக்கும். அதனால் கீழே நிற்பவன் பாடியே ஆகவேண்டும். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சே வராது. மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு பயணிகள் விமானங்கள் சற்று முன்பின்னாக எங்கள் பக்கம் வரும். ஒன்று மூன்று இன்ஜின் வைத்த பழசு. மற்றது புதிய டக்கோட்டா. உடம்பு பெரிது, இன்ஜின் இரண்டுதான். எது சீக்கிரம் உயரம் பிடிக்கும் என்று எங்களுக்குள் தகராறு.

"மூணு மாடு பூட்டினா ரெண்டு மாட்டவிட ஜாஸ்தி இழுக்காதா மாமா? அந்தக் குண்டு பிளேனு இன்னாத்த ஏறும்?"

"மூணும் கன்னுக்குட்டியா இருந்தா இன்னா பண்ணுவ மச்சான்? பந்தயம் வச்சிக்கலாம். நீ தோத்தா கீய வந்து பாடணும். நான் தோத்தா, இனிமே உன்னப் பாடச் சொல்லி நச்சரிக்க மாட்டேன்."

பக்கத்து வயலில் நாற்று நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் எதிரில் மறுக்க வெட்கப்பட்டுத் தலையாட்டினேன்.

விமானம் பரங்கிமலைக்குப் பின்னாலிருந்து தலைகாட்டியதும் எண்ணத் தொடங்கி, ஏரிக்கரைப் பனையின் உச்சியைவிட உயரே ஏறியதும் நிறுத்துவது என்று பேச்சு. எதற்குச் சால் குறைகிறதோ அந்த விமானத்துக்கு ஜெயம். பழசு முதலில் வந்தது. ஆறு சால் ஆயிற்று. அடுத்து டக்கோட்டா. பயத்தில் என் கால் தானாக ஓடியது; சாலும் வேகமாக ஏறி இறங்கியது.

"ஓடிகினே மிதிச்சும் நாலே சாலு! எறங்கு மச்சான்!" என்றார் மாமா.

பழசின் மூன்று இன்ஜினையும் சேர்த்தாலும் டக்கோட்டாவின் இரண்டில் ஓர் இன்ஜினுக்குக்கூட ஈடாகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமா மேலே ஏறினார். நான் கீழே நின்றேன். முதல் சால் தளும்பி வந்தது. தொண்டையில் காற்றுதான் வந்தது.

"இன்னா அண்ணாத்தே, மூணு இன்ஜினும் நின்னுபோச்சா?" என்றாள் நடவுக்காரி ஒருத்தி.

வயலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு முதல் அடியும் கரகரவென்று வெளியே வந்துவிட்டது. பெண்கள் அதை அதே கரகரப்போடு திருப்பிப் பாடினார்கள். இரண்டாவது அடியைக் கொஞ்சம் உரக்கவே எடுத்தேன்.

வெயில் ஏறியபோது, "காலு கெஞ்சுது மச்சான், மேல வா" என்று மாமா கூப்பிட்டார். இன்னும் பத்துச் சால் ஆகட்டும் என்று பாட்டிலேயே பதில் சொன்னேன்.